நடந்துதானே போனேன், எனக்கு ஏது இன்சூரன்ஸ்?

(வாசகர் சட்டக் கேள்வி-பதில்)

போன இதழ்ல வாடகை அக்ரிமெண்ட் பத்தி பக்கம் பக்கமா எழுதுனேன், அதுக்கு வந்தது நாலு லெட்டர். நடுவுல போற போக்குல "ரோட்டுல நடந்து போறவங்களுக்கு அடிபட்டாலும் நஷ்டஈடு உண்டு"ன்னு ஒரு வரி போட்டிருந்தேன், அதுக்கு வந்தது ஒரு கட்டு. ஆச்சரியப்படவும் ஒண்ணும் இல்ல, 2022-ல மட்டும் நம்ம நாட்டுல சாலை விபத்துல இறந்த பாதசாரிங்க 32,825 பேர், அடிபட்டு பிழைச்சவங்க தனிக் கணக்கு. அதனால இந்த தடவை முழுக்க நடந்து போறவங்க கேள்விதான்.

மேடம், எங்க அம்மாவுக்கு 52 வயசு, பூ கட்டி விக்கிறாங்க. விடிகாலை அஞ்சரைக்கு பூ எடுக்கப் போறப்ப ஜி.எஸ்.டி. ரோட்டை கிராஸ் பண்ணும்போது ஒரு பைக் அடிச்சிடுச்சு. வலது கால் முழங்காலுக்கு கீழ ரெண்டு எலும்பும் உடைஞ்சு பிளேட் வச்சிருக்காங்க. ஓட்டுனது காலேஜ் பையன். அவங்க அப்பா வந்து கால்ல விழாத குறையா அழுதார், 10,000 ரூபா குடுத்தார். ஸ்டேஷன்ல "மேல் நடவடிக்கை வேண்டாம்"னு எழுதி வாங்கிட்டு சி.எஸ்.ஆர். மட்டும் குடுத்தாங்க. ஆறு வாரம் ஆச்சு, அம்மாவால கீழ உக்காரவே முடியல. இப்ப கேஸ் போட முடியுமா? எங்ககிட்டதான் இன்சூரன்ஸே இல்லையே? (ஒரு வாசகர், தாம்பரம்)

கடைசி கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறேன் தம்பி, ஏன்னா பாதி பேர் இதை நினைச்சுதான் வீட்டுலயே உக்காந்துடுறாங்க. இன்சூரன்ஸ் உங்க அம்மாவுக்கு இருக்க வேண்டியது இல்ல, அந்த பைக்குக்கு இருக்கணும். வண்டி ரோட்டுக்கு வரணும்னா தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம்னு மோட்டார் வாகன சட்டம் சொல்லுதே, அந்த தேர்ட் பார்ட்டி யாருன்னு நினைச்சீங்க? வண்டிக்காரர் ஒரு பார்ட்டி, இன்சூரன்ஸ் கம்பெனி ரெண்டாவது பார்ட்டி, பூக்கூடையோட ரோட்டை கிராஸ் பண்ற உங்க அம்மாதான் மூணாவது பார்ட்டி. அவங்க ஒரு பைசா பிரீமியம் கட்ட வேண்டாம், அவங்களுக்காகத்தான் அந்த பாலிசியே. பையனோட அப்பாகிட்ட கெஞ்ச வேண்டிய அவசியமும் இல்ல, பெரும்பாலும் அவர் பாக்கெட்ல இருந்து ஒண்ணும் போகப் போறதும் இல்ல. இதை அவருக்கே யாராவது சொல்லியிருந்தா அன்னைக்கு அவ்வளவு அழுதிருக்க மாட்டார்.

அந்த 10,000. வாங்குனது வாங்குனதுதான், மறைக்காதீங்க, மனுவுலயே "இவ்வளவு குடுத்தாங்க, வாங்கிக்கிட்டோம்"னு எழுதிடலாம், மொத்தத்துல அதை கழிச்சா போச்சு. எழுதிக் குடுத்த பேப்பர் உங்க அம்மாவோட நஷ்டஈடு உரிமையை மூடிடாது, எதிர் வக்கீல் அதை எடுத்துட்டு வந்து ஆட்டுவார், அவ்வளவுதான். நிஜமான சிக்கல் எஃப்.ஐ.ஆர். இல்லாததுதான். சி.எஸ்.ஆர்.ங்கிறது புகார் வந்துச்சுன்னு குடுக்குற ரசீது, அதை வச்சு இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட ஒண்ணும் நடக்காது. வேகமா அஜாக்கிரதையா ஓட்டுறது (பழைய ஐ.பி.சி.க்கு பதிலா வந்த பி.என்.எஸ். சட்டத்துல 281), அதுல எலும்பு உடையுற மாதிரி கொடுங்காயம் ஆகுறது (125-பி), ரெண்டுமே போலீஸ் தானா பதிவு பண்ண வேண்டிய குற்றம். அதனால இப்பவே அம்மா பேர்லயே புதுசா ஒரு புகார் எழுதுங்க. தேதி, நேரம், எந்த இடம், பைக் நம்பர், யார் பாத்தாங்க, எந்த ஆஸ்பத்திரி, ஆறு வாரமா படுக்கையில இருந்ததால வர முடியல, முன்னாடி எழுதிக் குடுத்தது எந்த நிலைமையில, இது எல்லாம் அதுல வரணும். ஸ்டேஷன்ல வாங்க மாட்டேன்னா அதையே ஸ்பீட் போஸ்ட்ல துணை கமிஷனருக்கு அனுப்புங்க, அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்ல மனு போட்டு பதிவு பண்ண வைக்கலாம். லேட்டாயிடுச்சேன்னு பயப்படாதீங்க, உயிரை காப்பாத்த ஓடுற குடும்பம் முதல்ல ஸ்டேஷனுக்கு ஓடாது, எஃப்.ஐ.ஆர். லேட்டுங்கிற ஒரே காரணத்துக்காக நஷ்டஈட்டை மறுக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2011-லயே ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்குல சொல்லியிருக்கு. லேட்டுக்கு காரணம் நம்புற மாதிரி இருக்கணும், அதான் முக்கியம்.

எஃப்.ஐ.ஆர். ஆனதும் (அதோட காப்பி ஃப்ரீ, காசு கேட்டா குடுக்காதீங்க) ஆஸ்பத்திரிக்கு போய் ஒரு பேப்பர் வாங்கணும். அது பேரு ஏ.ஆர். காப்பி, ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். கேஷுவாலிட்டில ஸ்ட்ரெச்சர்ல கிடக்கும்போதே டியூட்டி டாக்டர் "எப்படி ஆச்சு?"ன்னு கேட்டு அவசரமா ஒரு வரி எழுதுவார் பாருங்க, அந்த வரி. இதுக்கு நான் ஏன் இவ்வளவு இழுக்குறேன்னா, சில வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட வந்த ஒரு கேஸ். ஒரு வயசான அம்மாவை ஆட்டோ தட்டிடுச்சு, ஆட்டோக்காரரே தூக்கிட்டு போய் ஆஸ்பத்திரில சேத்தார், நல்ல மனுஷன்தான், ஆனா போற வழியிலேயே மகன்கிட்ட "கேஸுன்னா வண்டியை புடிச்சு வச்சிடுவாங்கண்ணே, பொழப்பு போயிடும், விழுந்துட்டாங்கன்னு சொல்லுங்க, செலவை நான் பாத்துக்கிறேன்"னு சொல்லியிருக்கார். மகனும் பாவப்பட்டு அப்படியே சொல்லிட்டார். டாக்டர் எழுதுனது ஒரே வரி: வீட்டுல வழுக்கி விழுந்ததா சொல்றாங்க. இடுப்பு ஆபரேஷன், நாலு லட்சத்துக்கு பில்லு, ரெண்டாவது வாரமே ஆட்டோக்காரர் போன் எடுக்கல. அப்புறம் எஃப்.ஐ.ஆர். போட்டு, சாட்சி எல்லாம் கூட்டிட்டு வந்து, நானும் ரெண்டு வருஷம் அந்த ஒரு வரியோட மல்லுக்கட்டுனேன், இன்சூரன்ஸ் வக்கீல் அசராம அதையே திருப்பித் திருப்பி படிச்சார். தோத்துட்டோம். உங்க அம்மாவோட ஏ.ஆர். காப்பில "டூவீலர் மோதி"ன்னு இருக்கான்னு முதல்ல பாருங்க, இருந்தா பாதி கிணறு தாண்டியாச்சு.

மத்தபடி டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில்லு, ஆட்டோவுல போய் வந்த செலவு, துணைக்கு இருந்தவங்க வேலைக்கு போகாத நாள் கணக்கு, எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல தேதி வாரியா போட்டு வைங்க. மெடிக்கல் ஷாப் பில்லுல மை ஆறு மாசத்துல மங்கிடும், இன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்துடுங்க. பைக் நம்பரை எம்பரிவாகன் ஆப்ல போட்டா இன்சூரன்ஸ் எந்த தேதி வரைக்கும் இருக்குன்னு தெரிஞ்சிடும். எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) வண்டியை பாத்துக் குடுத்த ரிப்போர்ட், ஸ்பாட் வரைபடம், சார்ஜ் ஷீட் எல்லாம் தமிழ்நாடு போலீஸ் இ-சர்வீஸ் சைட்லயே எடுத்துக்கலாம்.

இப்ப எவ்வளவு கிடைக்கும்னு கேப்பீங்க. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. அம்மா மாசம் 12,000 சம்பாதிச்சாங்கன்னு கோர்ட் ஏத்துக்குதுன்னு வைங்க. பூ விக்கிறவங்ககிட்ட சேலரி ஸ்லிப் இருக்காதுன்னு ஜட்ஜுக்கும் தெரியும், மொத்த கடைக்காரர் வந்து சாட்சி சொன்னா நல்லது. சொந்தத் தொழில்ல இருக்கிற 50-லிருந்து 60 வயசுக்காரங்களுக்கு எதிர்கால வருமான உயர்வுன்னு 10 சதவீதம் சேக்கணும், பிரணய் சேத்தி வழக்குல 2017-ல அரசியல் சாசன பெஞ்ச் சொன்னது. ஆக 13,200. வருஷத்துக்கு 1,58,400. 52 வயசுக்கு மல்டிபிளையர் (வயசுக்கு ஏத்த மாதிரி வருஷ வருமானத்தை பெருக்குற எண்) 11, இது சரளா வர்மா வழக்குல 2009-ல வந்த அட்டவணை. பெருக்குனா 17,42,400. ஊனம் அவங்க சம்பாதிக்கிற திறமையை 30 சதவீதம் குறைச்சிடுச்சுன்னு கோர்ட் முடிவு பண்ணா 5,22,720 ரூபா. இதுக்கு மேல மருத்துவ செலவு, வலி வேதனைக்கு, சத்தான சாப்பாட்டுக்கு, பாத்துக்கிட்டவங்களுக்கு, படுத்திருந்த மாச வருமானத்துக்குன்னு தனித்தனியா வரும், மனு போட்ட நாள்ல இருந்து வட்டியும் உண்டு, நம்ம ஊர் தீர்ப்புகள்ல பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுறாங்க.

இதுல அந்த 30 சதவீதம்தான் சண்டையே. மெடிக்கல் போர்டு (ஊனம் எவ்வளவுன்னு பாத்து சொல்ற டாக்டர்கள் குழு) குடுக்குற சதவீதம் காலுக்கு, கோர்ட் பாக்க வேண்டியது பொழப்புக்கு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார்னு ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, இடது கை போன ஒருத்தர் டிரைவராவோ தச்சராவோ இருந்தா அவருக்கு தொழிலே போச்சு, அதே ஆள் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தா வேலையில நீடிக்கலாம், அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே சதவீதம் எப்படி சரியாகும்னு கேட்டது. உங்க அம்மா சம்மணம் போட்டு உக்காந்துதான் பூ கட்டணும், இப்ப முழங்கால் மடங்கல. இதை மனுவுல தெளிவா எழுதச் சொல்லுங்க, சாட்சி சொல்லும்போதும் "கால் வலிக்குது"ன்னு பொதுவா சொல்லாம ஒரு நாளைக்கு எத்தனை முழம் கட்டுனாங்க, இப்ப எத்தனைன்னு சொல்லச் சொல்லுங்க.

கெடு: விபத்து நடந்த நாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு மோட்டார் வாகன சட்டத்துக்கு வந்த 2019 திருத்தம் சொல்லுது, 2022 ஏப்ரல் 1-ல இருந்து அமல்ல இருக்கு. இது நியாயமான்னு சுப்ரீம் கோர்ட்ல வழக்கு நடக்குது, கெடு தாண்டுச்சுன்னு மட்டும் சொல்லி மனுவை தள்ளாதீங்கன்னு 2025 நவம்பர்ல இடைக்கால உத்தரவும் வந்துச்சு, ஆனா அதை நம்பி நீங்க ஏன் காத்திருக்கணும்? இன்னும் நாலரை மாசம் கையில இருக்கு. நீங்க குடியிருக்கிற ஏரியா கோர்ட்லயே போடலாம், விபத்து நடந்த ஊருக்குத்தான் போகணும்னு இல்ல.

உளுந்தூர்பேட்டை பக்கம் ஹைவேல எங்க அப்பாவை ராத்திரி ஏதோ வண்டி அடிச்சுப் போட்டுட்டு போயிடுச்சு. ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரில இருந்து இறந்துட்டார். என்ன வண்டின்னே தெரியல, போலீஸ் "கிடைச்சா சொல்றோம்"னு சொல்லிட்டாங்க. நாங்க யார் மேல கேஸ் போடுறது? (ஒரு வாசகி)

மனசு கஷ்டமா இருக்குமா. ஆனா ஒரு விஷயத்துக்கு அவசரம் இருக்கு, அதனால நேரா சொல்லிடுறேன். டோல்கேட், பெட்ரோல் பங்க், ரோட்டோர ஓட்டல் இங்கெல்லாம் இருக்கிற கேமரா பதிவு ரொம்ப நாள் தாங்காது, பழசு மேலயே புதுசு பதிஞ்சிடும். விபத்து நேரத்துக்கு முன்னாடி பின்னாடி ஒரு மணி நேர பதிவை எடுத்து வைக்கச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு எழுத்துல குடுங்க, குடுத்ததுக்கு அத்தாட்சி வாங்குங்க. வாயால சொன்னா மறந்துடுவாங்க.

வண்டி கிடைக்காமலே போனாலும் ஹிட் அண்ட் ரன் திட்டம் இருக்கு. இறப்புன்னா 2 லட்சம், கொடுங்காயம்னா 50,000. 2022 ஏப்ரலுக்கு முன்னாடி இது 25,000-மும் 12,500-மும்தான், ஒரு உயிருக்கு பழைய டிவிஎஸ் விலை கூட இல்லன்னு நாங்க புலம்பிட்டு இருந்தோம். இப்பவும் பெரிய தொகைன்னு சொல்ல மாட்டேன். இதுக்கு கோர்ட்டுக்கு போக வேண்டாம், வக்கீலும் தேவையில்ல. விபத்து நடந்த இடத்துக்கான வருவாய்த்துறை ஆபீஸ்ல, அதாவது கோட்டாட்சியர் இல்லன்னா தாசில்தார்கிட்ட படிவம் 1-ல மனு குடுக்கணும், அவர் விசாரிச்சு கலெக்டருக்கு அனுப்புவார், கலெக்டர் உத்தரவு போட்டா பணம் உங்க பேங்க் அக்கவுண்டுக்கு வரும். எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், ஆதார், பாஸ்புக் கையில வச்சுக்குங்க. ஒரு மாசத்துக்குள்ள வண்டியை கண்டுபிடிக்க முடியலன்னா இப்படி ஒரு திட்டம் இருக்குன்னு குடும்பத்துக்கு எழுத்துல சொல்ல வேண்டியது போலீஸோட வேலைன்னு 2024 ஜனவரில சுப்ரீம் கோர்ட் உத்தரவே போட்டிருக்கு, உங்ககிட்ட சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க.

பின்னாடி வண்டி கிடைச்சுட்டா, முழு நஷ்டஈட்டுக்கு மனு போடலாம், அப்ப இந்த 2 லட்சத்தை திருப்பிக் குடுக்கணும் இல்ல கழிச்சுக்குவாங்க. ஒரே நாள் ஆஸ்பத்திரி செலவுன்னாலும் பில்லு கேட்டாங்களான்னு நீங்க எழுதல. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல தொடங்குன இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை, அதுல சேந்த ஆஸ்பத்திரிகள்ல இலவசம். மத்திய அரசும் 2025 மே மாசம், விபத்து நடந்ததுல இருந்து 7 நாளைக்கு 1.5 லட்சம் வரைக்கும்னு ஒண்ணு கொண்டு வந்திருக்கு. இந்த தகவல் உங்களுக்கு லேட்டுதான், படிக்கிற மத்தவங்களுக்காவது.

நான் போன் பேசிட்டே கிராஸ் பண்ணேன், ஜீப்ரா கிராஸிங்கும் இல்ல. கார் அடிச்சு கை உடைஞ்சிடுச்சு. தப்பு என் மேலயும் இருக்கு, நியாயமா கேக்கலாமா? (ஒரு வாசகர், சேலம்)

இவ்வளவு நேர்மையா ஒரு லெட்டர் வந்து ரொம்ப நாளாச்சு சார். கேக்கலாம். உங்க பங்கு தப்பு இருந்தா அந்த அளவுக்கு தொகையை வெட்டுவாங்களே தவிர கேஸே இல்லன்னு ஆகாது. 5 லட்சம்னு கணக்கு வந்து உங்க பங்கு 20 சதவீதம்னு கோர்ட் சொன்னா 4 லட்சம் வரும். அந்த 20-ஐ நிரூபிக்க வேண்டியது அவங்க. "பாதசாரி திடீரென்று சாலையின் குறுக்கே ஓடி வந்தார்"ங்கிற வரி இல்லாத ஒரு இன்சூரன்ஸ் பதில் மனுவை நான் இன்னும் பாக்கல, தடி ஊணாம ஒரு அடி எடுத்து வைக்க முடியாத 78 வயசு தாத்தா கேஸ்லயும் அவர் ஓடி வந்தாராம். எழுதுனா ஆச்சா, கார் டிரைவரை கூண்டுல ஏத்தி சொல்ல வைக்கணும், பல கேஸ்ல ஏத்துறதே இல்ல.

நம்ம ஊர்ல எங்க சார் ஜீப்ரா கிராஸிங் இருக்கு? இருக்கிற இடத்துலயும் பெயிண்ட் தேஞ்சு போய் அதுக்கு மேல ஆட்டோ நிக்கும். கிராஸிங் இருக்கிற இடத்துல நடக்கிறவங்களுக்குத்தான் முன்னுரிமை, வண்டி நின்னு வழி விடணும், இல்லாத இடத்துலயும் ஆள் வர்றதை எதிர்பாத்து ஓட்ட வேண்டியது டிரைவரோட கடமை. இன்னொண்ணு, இந்த மாதிரி கேஸ்ல கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னு கிடையாது, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னுதான் பாப்பாங்க. டிரைவர் கிரிமினல் கேஸ்ல விடுதலை ஆனாலும் உங்க நஷ்டஈடு கேஸ் அதுபாட்டுக்கு நடக்கும்.

யார் தப்புன்னே பாக்காம குடுக்குற ஒரு பிரிவும் மோட்டார் வாகன சட்டத்துல இருக்கு, 164. கொடுங்காயம்னா இரண்டரை லட்சம், இறப்புன்னா 5 லட்சம், ஃபிக்ஸட். எலும்பு முறிவு கொடுங்காயத்துல வரும். உங்க வருமானமும் ஊனமும் குறைவுன்னா இதுவே லாபமா இருக்கலாம், வலது கை எழுதவே முடியல மாதிரி நிலைமைன்னா 166-தான் (எதிர்த்தரப்பு தப்பை காட்டி முழு நஷ்டஈடு கேக்குற பிரிவு, மேல தாம்பரம் தம்பிக்கு சொன்னது) நல்லது. முதல்லயே வக்கீலோட உக்காந்து ரெண்டையும் கணக்கு போட்டுப் பாருங்க. போன் பேசுனதை அவர்கிட்ட மறைக்காதீங்க, எதிர்த்தரப்பு கால் ரெக்கார்டை கொண்டு வந்து நீட்டுறப்ப அவர் முகத்தை நீங்க பாக்கக்கூடாது.

நான் வீட்லதான் இருக்கேன், வேலைக்கு போகல. காய் வாங்கப் போறப்ப வேன் இடிச்சு தோள்பட்டை போச்சு. "உங்களுக்கு வருமானமே இல்லையே, மருத்துவ செலவு மட்டும் வாங்கிக்குங்க"ன்னு இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வந்து சொல்றார். (ஒரு வாசகி, மதுரை)

அவரை அஞ்சு நாள் உங்க வீட்ல சமைக்கச் சொல்லுங்க அக்கா. இது பழைய வாதம், செத்துப் போன வாதம். 2021 ஜனவரில கீர்த்தி வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, வீட்டு வேலைக்கு பண மதிப்பு போட்டே ஆகணும், எதிர்கால உயர்வும் சேக்கணும்னு. 2011 கணக்கெடுப்புல வீட்டு வேலைதான் என் முக்கிய வேலைன்னு சொன்ன பெண்கள் கிட்டத்தட்ட 16 கோடி, ஆண்கள் 58 லட்சத்துக்கும் கம்மின்னு அந்த தீர்ப்புலயே வருது. உங்களுக்கும் மாத வருமானம்னு ஒரு தொகையை கோர்ட் நிர்ணயம் பண்ணும், அதை வச்சு மேல தாம்பரம் தம்பிக்கு போட்ட அதே கணக்குதான். அடிபட்டதுக்கு அப்புறம் சமையலுக்கு ஆள் வச்சிருந்தா அவங்களுக்கு குடுக்குற சம்பளத்தை ஜிபே-ல குடுங்க, ரெக்கார்டு ஆகிடும். குனிய முடியல, குக்கர் தூக்க முடியல, தலை வார முடியலன்னு டாக்டர்கிட்ட சொல்லி ரிவ்யூ சீட்ல எழுத வைங்க.

கம்பெனி ஆள் நீட்டுற எதுலயும் கையெழுத்து போடாதீங்க. காபி குடுத்து அனுப்பிடுங்க.

இடிச்சது 16 வயசு பையன், லைசென்ஸ் இல்ல, அப்பா வண்டி. "லைசென்ஸ் இல்லாததால எங்களுக்கு பொறுப்பில்ல"ன்னு இன்சூரன்ஸ்ல சொல்றாங்களே? (திருப்பூர்)

பொறுப்பில்லங்கிறது அவங்களுக்கும் வண்டிக்காரருக்கும் உள்ள கணக்கு, உங்களுக்கு இல்ல. பெரும்பாலான கேஸ்ல கோர்ட் என்ன சொல்லும்னா, முதல்ல பாதிக்கப்பட்டவருக்கு குடு, அப்புறம் வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோ. 2004 ஸ்வரண் சிங் தீர்ப்புல இருந்தே ஓடுற வழி இது. பையனோட அப்பாவுக்கு தனி தலைவலி: மைனர்கிட்ட வண்டி குடுத்ததுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 அபராதம், வண்டி பதிவு 12 மாசம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸும் கிடைக்காது. வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லன்னாத்தான் கஷ்டம், அப்ப ஆர்.சி.-ல யார் பேர் இருக்கோ அவர்தான் குடுக்கணும், வித்துட்டேன், மச்சான் ஓட்டுறான் கதை எல்லாம் செல்லாது. அந்த மாதிரி வண்டியை உத்தரவாதம் கட்டாம ஸ்டேஷன்ல இருந்து வெளிய விடக்கூடாதுன்னு விதி இருக்கு, மூணு மாசத்துல உத்தரவாதம் வரலன்னா ஏலம் விட்டு பணத்தை விபத்து தீர்ப்பாயத்துல, அதாவது இந்த நஷ்டஈடு கேஸை நடத்துற கோர்ட்ல, கட்டணும். போலீஸ் விடுறதுக்கு முன்னாடி நீங்க முந்திக்கணும்.

அரசு பஸ் இடிச்சா யார் குடுப்பா? (நாகர்கோவில்)

போக்குவரத்துக் கழகமே. அவங்களுக்கு வெளி இன்சூரன்ஸ் எடுக்கிறதுல விலக்கு இருக்கு, சொந்த நிதியில இருந்து குடுக்கணும், அதனால எதிர் மனுதாரர் கழகத்தோட மேலாண்மை இயக்குநர். ஜெயிக்கிறது கஷ்டம் இல்ல, வாங்குறதுதான். தீர்ப்பு வந்து ஆறேழு மாசம் ஆகியும் வரலன்னா நிறைவேற்று மனு போட வேண்டியதுதான். பேப்பர்ல "அரசு பஸ் ஜப்தி"ன்னு படிப்பீங்களே, அது இதுதான்: கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கிளம்ப நிக்கிற பஸ்ல நோட்டீஸ் ஒட்டுவார், உள்ள உக்காந்திருக்கிற ஜனம் பையை தூக்கிட்டு இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஓடும். நான் ஒரு தடவை கூடப் போனேன், கண்டக்டர் டிக்கெட் மெஷினை கையில வச்சுக்கிட்டு "எனக்கு என்ன மேடம் தெரியும்"னு நின்னது இன்னும் கண்ணுல நிக்குது. பணம் மட்டும் நாலாவது நாளே கோர்ட்ல கட்டிட்டாங்க.

மழைநீர் வடிகால் பள்ளத்துல விழுந்து கால் போச்சு, வண்டி எதுவும் இடிக்கல. இதுக்கும் இதே கோர்ட்டா? (சென்னை)

இல்ல. வண்டி சம்பந்தப்படலன்னா விபத்து தீர்ப்பாயம் எடுக்காது. மாநகராட்சி, நெடுஞ்சாலைத்துறை, கான்ட்ராக்டர், யார் தோண்டுனாங்களோ அவங்க மேல சிவில் வழக்கு, இல்லன்னா ஐகோர்ட்ல ரிட் (அரசு தரப்பு மேல நேரா போடுற மனு). பள்ளம் மூடுறதுக்குள்ள தேதி தெரியுற மாதிரி போட்டோ, தடுப்பு, எச்சரிக்கை போர்டு இல்லாதது தெரியுற மாதிரி வீடியோ எடுத்து வைங்க, நீங்க கேஸ் போட்டீங்கன்னு தெரிஞ்சா மறுநாளே போர்டு முளைச்சிடும். நடைபாதையில தடையில்லாம நடக்கிறது அரசியல் சாசனம் 21-வது பிரிவுல வர்ற உரிமைன்னு 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அந்த வழக்கை 2012-ல போட்டது நம்ம கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் ராஜசேகரன். உடைஞ்சு வர்ற கால்களை ஒட்டி ஒட்டி அலுத்துப் போய் கோர்ட்டுக்கு போயிட்டார் போல.

ஆஸ்பத்திரி வாசல்லயே ஒருத்தர் வந்து கேஸ் எடுத்துக்கிட்டார், வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போனார். வர்ற பணத்துல 40 சதவீதம்னு பத்திரத்துல கையெழுத்து வாங்கியிருக்காங்க. இப்ப லோக் அதாலத்ல (சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றம்) 3 லட்சத்துக்கு முடிச்சுக்கலாம்னு அவசரப்படுத்துறாங்க. என்ன பண்றது? (பெயர் வேண்டாம்)

எங்க ஆளுங்களைப் பத்தியே எழுத வேண்டியிருக்கு, எழுதுறேன். வர்ற தொகையில பங்குன்னு பேசி கேஸ் எடுக்கக்கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு, வாசல்ல புரோக்கர் வச்சு கேஸ் புடிக்கிறதும் கூடாது. நடைமுறையில நடக்குதான்னா நடக்குது, கையில காசு இல்லாதவங்க வேற எப்படி வக்கீல் வைப்பாங்கன்னு ஒரு நியாயமும் சொல்லுவாங்க, அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு. ஆனா 40 சதவீதம் பகல் கொள்ளை. உங்களுக்கு வக்கீலை மாத்த உரிமை இருக்கு. காசு இல்லன்னா 15100-க்கு போன் பண்ணுங்க, சட்டப் பணிகள் ஆணைக்குழு நம்பர், பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத் திறனாளிகள், வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கு இலவசமா வக்கீல் வச்சுத் தருவாங்க.

லோக் அதாலத் கெட்டது இல்ல, சீக்கிரம் முடியும், நானே நிறைய முடிச்சிருக்கேன். ஆனா அங்க கையெழுத்து போட்டா அப்பீல் கிடையாது, அதோட முடிஞ்சது. அதனால மெடிக்கல் போர்டு சதவீதம் கையில வராம பேசாதீங்க. இன்னொரு ஆபரேஷன் இருக்கு, பிளேட் எடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தா அந்த செலவையும் சேத்து கேளுங்க. உங்க கேஸ் 7 லட்சம் போகும்னா 5-க்கு முடிக்கலாம், 3-க்கு ஏன்? சமரசம் வேண்டாம்னா தீர்ப்பு வரட்டும், அது கம்மின்னு பட்டா 90 நாளைக்குள்ள ஐகோர்ட்டுக்கு போகலாம், விவகாரத் தொகை 1 லட்சத்துக்கு மேல இருக்கணும், அவ்வளவுதான்.

பணம் வர்ற இடத்துல ரொம்ப கவனம். வக்கீல் அக்கவுண்டுக்கோ புரோக்கர் அக்கவுண்டுக்கோ போக வேண்டிய அவசியமே இல்ல, பாதிக்கப்பட்டவரோட பேங்க் அக்கவுண்டுக்கே நேரா போடலாம்னு 2025 மார்ச்லயும் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. உங்க பாஸ்புக் முதல் பக்க ஜெராக்ஸை நீங்களே கோர்ட்ல குடுங்க, வெத்து காசோலையில யாருக்கும் கையெழுத்து போட்டுத் தராதீங்க. பாஸ்புக்ல இருக்கிற பேர் ஆதார்லயும் மனுவுலயும் அப்படியே இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்குங்க, இனிஷியல் முன்னாடி இருக்கா பின்னாடி இருக்காங்கிற ஒரே காரணத்துக்காக மூணு மாசமா பணம் நிக்கிற கேஸ் இப்பவும் என் டேபிள்ல இருக்கு.